பூட்டிய அறையும் சங்கிலியிட்ட பெட்டியும்

கனடாவில் வாழும் என் மருமகன் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். சவப்பெட்டியின் வடிவில் செய்யப்பட்ட கனத்த பெட்டி. உள்ளே 131 டீவிடித் தட்டுகள். பெட்டியைக் கண்டதும் என் மனைவி, “இதென்ன, ஊட்டுக்குள்ள சந்தூக்கு மாதிரி ஒண்டக் கொண்டு வந்து வெச்சிரிக்கீங்க?” என்று முகஞ் சுளித்தார். நானும் அதனை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு மறந்திருந்தேன். புறப்படும் நாளன்று மருமகன், “மாமா, பேய்க்கதை எண்டு தள்ளிப் போடாதீங்க. ஒரு குடும்பம் தன்ட வரலாற்ற எப்பிடி மறைச்சிச்சு எண்டதுதான் இதுட கதை” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர் ஒரு மழைக்காலத்தில் பெட்டியை இறக்கினேன்.

பெட்டிக்குள் இருந்தது ‘டார்க் ஷடோஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1966 ஜூன் 27 இல் ஏபிசி அலைவரிசையில் தொடங்கி 1971 ஏப்ரல் 2 இல் முடிந்தது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம், மொத்தம் 1,225 அங்கங்கள். இத்தனையையும் நான் பார்த்து முடித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகளை ஏறக்குறைய முழுமையாகவும், பிற்பகுதியை விட்டுவிட்டும் பார்த்தேன். அது ஒளிபரப்பான காலத்தில் நம் நாட்டில் தொலைக்காட்சி என்ற பொருளே கிடையாது. 1979 இல்தான் இங்கு முதல் ஒளிபரப்புத் தொடங்கியது. ஆகவே இது எனது இளமை நினைவுகளில் கலந்த ஒன்றன்று. முதுமையில், எந்தப் பற்றுமின்றிப் பார்த்த ஒன்று. அது ஒரு வகையில் நல்லதுதான் எனத் தோன்றுகிறது.

‘சோப் ஒபெரா’ என்ற பெயர் வந்த கதை பலரும் அறிந்தது. 1930 களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காக ஒலித்த பகல்நேர நாடகங்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் விளம்பரதாரர்களாக இருந்தன. பெயர் ஒட்டிக்கொண்டது. இந்நாடகங்களுக்கு மூலதனமே இரகசியந்தான். யாருடைய பிள்ளை யார், எந்தக் கடிதத்தை யார் ஒளித்தார், இறந்தவர் உண்மையில் இறந்தாரா என்பனவற்றைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் கதை ஓடும். இரகசியம் வெளிப்பட்டால் கதை முடிந்துவிடும். எனவே அது வெளிப்படவும் கூடாது. வெளிப்படப் போகிறது என்ற எதிர்பார்ப்பு ஒரு நாளும் குறையவும் கூடாது. 1764 இல் ஹொரேஸ் வோல்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’யில் தொடங்கும் கொதிக் நாவல் மரபுக்கும் இதே இயல்பு உண்டு. பழைய மாளிகை, பூட்டிய அறை, சுவரில் தொங்கும் மூதாதையின் ஓவியம், குடும்பம் பேச மறுக்கும் ஒரு பாவம். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஏன் இத்தனை காலம் எடுத்தது என்பதுதான் வியப்பு.

சந்திக்க வைத்தவர் டான் கேர்ட்டிஸ். அதற்கு முன்னர் அவர் கொல்ஃப் விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தயாரித்து வந்தவர். இளம்பெண்ணொருத்தி புகையிரதத்தில் அமர்ந்து கடிதமொன்றை வாசிப்பதாகவும், முன்பின் அறியாத ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போவதாகவும் தான் கண்ட கனவிலிருந்தே தொடர் பிறந்தது என அவர் கூறிவந்தார். கனவை நாம் நம்பலாம். ஆனால் ‘ஜேன் அயர்’ வாசித்தவர்களுக்கு அக்கனவு எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் தெரியும். கதையை விரித்து எழுதியவர் ஆர்ட் வொலஸ். ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியேறாத ஒரு பெண்ணைப் பற்றித் தான் முன்னர் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தை அவர் இதற்குள் கொண்டுவந்தார்.

மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கொலின்ஸ்போர்ட் என்றொரு கற்பனை மீன்பிடி ஊர். அவ்வூரின் தொழிலும் நிலமும் கொலின்ஸ் குடும்பத்துடையவை. குன்றின் மீது கொலின்வூட் மாளிகை. வீட்டுத் தலைவி எலிசபெத் பதினெட்டு ஆண்டுகளாக வாசற்படி தாண்டவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அதன் திறப்பு அவரிடம் மட்டுமே இருக்கிறது. அநாதை விடுதியில் வளர்ந்த விக்டோரியா விண்டர்ஸ் என்னும் பெண், அவ்வீட்டுச் சிறுவனுக்குக் கற்பிக்க நியூயோர்க்கிலிருந்து வருகிறாள். தன் பெற்றோர் யாரென்ற கேள்விக்கு விடை இவ்வீட்டில் கிடைக்கக்கூடும் என்ற ஆசை அவளுக்கு.

எலிசபெத்தாக நடித்தவர் ஜோன் பெனற். நாற்பதுகளில் ஃப்ரிட்ஸ் லாங்கின் படங்களில் நடித்துப் புகழ்பெற்ற ஹொலிவூட் நட்சத்திரம். 1951 இல் இவருடைய கணவரான தயாரிப்பாளர் வோல்ட்டர் வேங்கர், இவருடைய முகவரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தினார். சுட்டவர் சில மாதச் சிறைக்குப் பின் மீண்டும் படங்களைத் தயாரித்தார். சுடாத பெனற்றுக்குத்தான் பட வாய்ப்புகள் அருகின. இதனை அறிந்துகொண்டு, பூட்டிய வீட்டுக்குள் தலைநிமிர்ந்து நடமாடும் எலிசபெத்தைப் பார்க்கும்போது, அந்த முகத்தில் நடிப்பைவிட வேறேதோ இருப்பதாக எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

முதல் பத்து மாதங்களில் காட்டேரி கிடையாது. ஓர் ஆவி அரைகுறையாகத் தலைகாட்டுகிறது. நெருப்பில் எரிந்து மீண்டும் பிறக்கும் ஒரு தாய் வந்து போகிறாள். மற்றப்படி எல்லாம் மனிதப் பயங்கரம். ஜேசன் மக்குவயர் என்பவன் எலிசபெத்தின் இரகசியத்தை அறிந்தவன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கணவனை அடித்துக் கொன்றுவிட்டதாகவும், உடலை ஜேசன் அந்தக் கீழறையில் புதைத்துவிட்டதாகவும் அவர் நம்புகிறார். அதைச் சொல்லியே அவன் பணம் பறிக்கிறான், வீட்டில் குடியேறுகிறான், இறுதியில் திருமணமும் செய்யப் பார்க்கிறான். திருமணச் சடங்கின் நடுவே எலிசபெத் அனைவர் முன்னிலையிலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அறையைத் தோண்டுகிறார்கள். அங்கே உடல் கிடையாது. கணவன் சாகவேயில்லை, எல்லாம் ஜேசன் ஆடிய நாடகம். இல்லாத ஒரு பிரேதத்தைக் காவல் காத்தே ஒரு பெண்ணின் பதினெட்டு ஆண்டுகள் போயிருக்கின்றன. 1,225 அங்கங்களிலும் என்னை மிகவும் கலங்கச் செய்த இடம் இதுதான். இதில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை.

ஆனால் அந்நேரம் பார்வையாளரின் கவனம் வேறிடத்துக்குப் போய்விட்டிருந்தது.

*

தொடருக்கு ஆதரவு போதாமல் அலைவரிசை அதனை நிறுத்தும் யோசனையிலிருந்த நாட்கள் அவை. எப்படியும் மூடப்போகிறார்கள், துணிந்து பார்ப்போம் என்று கேர்ட்டிஸ் காட்டேரியை இறக்கினார். ‘காட்டேரி’ என்ற நம் சொல் இதற்குச் சரியானதன்று. நம் ஊர்க்கதைகளின் காட்டேரி வேறு. அவளுக்குப் பெட்டியும் இல்லை, பிரபுக் குடும்பமும் இல்லை. மொழிபெயர்ப்புகளின் தயவால் டிரகுலா வகையறாவுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டதால் நானும் அதனையே கையாளுகிறேன்.

1967 ஏப்ரலில் அது நிகழ்கிறது. ஜேசனின் அடியாளான வில்லி லூமிஸ், மாளிகையின் முன்கூடத்தில் தொங்கும் பழைய ஓவியமொன்றில் கொலின்ஸ் மூதாதை ஒருவர் அணிந்துள்ள நகைகளைக் காண்கிறான். அவை குடும்பக் கல்லறை மண்டபத்தில் புதைந்திருக்கும் என்ற பேராசையில் இரவில் போய்த் தேடுகிறான். மறைவறையொன்றில் சங்கிலியால் கட்டப்பட்ட பெட்டி இருக்கிறது. சங்கிலியை அறுத்து மூடியைத் தூக்குகிறான். உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பற்றுகிறது. அடுத்த அங்கத்தில், தொப்பியும் தோளாடையும் கைத்தடியுமாகக் கண்ணியமான ஒரு மனிதர் கொலின்வூட் வாசலில் நிற்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தூரத்து உறவினர் பார்னபஸ் கொலின்ஸ் என்று தன்னை அறிமுகஞ் செய்கிறார். ஓவியத்தில் உள்ளவரின் சாயல் அப்படியே இருக்கிறதே என்று வீட்டார் வியந்து, உள்ளே வரவேற்று உபசரிக்கிறார்கள். குடும்ப முகம் அல்லவா!

பார்னபஸாக நடித்த ஜொனதன் ஃப்ரிட், கனடாவின் ஹமில்டன் நகரில் 1924 இல் பிறந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பழகியவர். கலிபோர்னியாவுக்குப் போய் நாடக ஆசிரியராகும் எண்ணத்தில் இருந்தபோதே இந்த அழைப்பு வந்தது. சில வாரங்களுக்கான வேடம், பிறகு மார்பில் ஆப்பு ஏற்றி முடித்துவிடுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. அவர் இறுதிநாள் வரை இருந்தார். நாளொன்றுக்கு ஓர் அங்கத்தை, பெரும்பாலும் நிறுத்தாமல், நேரடி ஒளிபரப்புப் போலவே நாடாவில் பதிவுசெய்தார்கள். நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு மிகுந்த காரியம். ஆதலால் வசனம் தடுமாறினாலும், ஒலிவாங்கி சட்டத்துக்குள் தலைநீட்டினாலும், கல்லறைச் சுவர் ஆடினாலும் அப்படியே போய்விடும். வசனத்தை மனனம் செய்வது ஃப்ரிட்டுக்குப் பெரும் வேதனை. கண்கள் வசனத் திரையைத் தேடி அலையும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு கணம் அச்சம் தெரியும். அந்த அச்சத்தைத்தான் பார்வையாளர்கள் காட்டேரியின் உள்வேதனையாக வாசித்தார்கள். ஒரு நடிகரின் பதற்றம் ஒரு பாத்திரத்தின் மனச்சாட்சியாக மாறிய விந்தை இது.

மனச்சாட்சியுள்ள காட்டேரி புதிதன்று. 1845 முதல் 1847 வரை இலண்டனில் ஒரு பென்னி விலைக்கு வாராவாரம் விற்ற ‘வார்னி’ என்ற தொடர்கதையின் நாயகன், தன் நிலைமேல் வெறுப்புற்று வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்து முடிகிறான். வாராவாரம் வாசகரைக் காக்க வைக்கவேண்டிய எழுத்தாளன், அரக்கனையும் மனிதனாக்கியே தீரவேண்டும் போலும். ஒரே முகத்தை நாளாந்தம் பார்த்தால் அதன்மேல் இரக்கம் வராமல் போகாது. 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிரகுலா’வில் பிரபு பெரும்பாலும் கதைக்கு வெளியேதான் நிற்கிறான், ஆதலால் இறுதிவரை அந்நியனாகவே இருக்கிறான். பார்னபஸோ வாரத்தில் ஐந்து நாட்கள் வரவேற்பறைக்கு வந்துகொண்டிருந்தார். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ஓடோடி வந்து பார்த்தார்கள். ஃப்ரிட்டுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. 1969 ஒக்டோபரில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி நிக்சனின் மகள் சிறுவர்களுக்காக நடத்திய விருந்துக்குக் காட்டேரி உடையிலேயே அவர் போனார். மாலை நான்கு மணியளவில் பார்னபஸ், இரவுச் செய்தியில் வியட்நாம் என்றிருந்த காலம் அது. இவ்விரண்டுக்கும் தொடர்பு கற்பித்து எழுதுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிள்ளைகளுக்கு எந்தக் காலத்திலும் பயங்கரம் பிடிக்கும்.

எனக்குப் பிடிபடாமல் உறுத்துவது வேறொன்று. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

*

ஊர் உணவுக்கடையில் பரிமாறும் மெகி எவன்ஸ், குடிகார ஓவியர் ஒருவரின் மகள், கலகலப்பான பெண். கேத்ரின் லீ ஸ்கொட் நடித்தார். பார்னபஸ் அவளைத் தன் இறந்துபோன காதலி ஜொசெற்றாக மாற்ற முனைகிறார். இரத்தத்தை உறிஞ்சுகிறார், கடத்திச் செல்கிறார், பழைய வீட்டில் அடைக்கிறார். நூற்றெழுபது ஆண்டுப் பழைமையான திருமண உடையை அணிவிக்கிறார். இசைப்பெட்டியைக் கையில் கொடுத்து, நீ மெகி இல்லை, ஜொசெற் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவள் மறுக்கும்போது நிலவறைச் சிறையில் தள்ளுகிறார். வாரக்கணக்கில் இது நிகழ்கிறது. ஒரு பெண்ணின் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதும் இந்த முயற்சியை இத்தொடர் காட்டியதுபோல் அக்காலத்துப் பகல்நேரத் தொலைக்காட்சியில் வேறெதுவும் காட்டியிருக்குமா என்பது ஐயமே. கடைசியில், பார்னபஸின் சிறு தங்கையான சேராவின் ஆவி வழிகாட்டி மெகியைத் தப்பவைக்கிறது. அவளைக் காப்பதற்காக அவள் இறந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, விண்ட்கிளிஃப் என்ற மனநல நிலையத்தில் வைக்கிறார்கள்.

அங்கே அவளுக்குச் சிகிச்சையளிப்பவர் டொக்டர் ஜூலியா ஹொஃப்மன். ‘நைட் ஒஃப் த இகுவானா’ படத்துக்காக ஒஸ்கார் பரிந்துரை பெற்ற கிறேசன் ஹோல் இவ்வேடத்தில் வந்தார். கூர்மையான பெண். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைத் திறந்து, அதில் பார்னபஸின் பிம்பம் விழாததைக் கண்டு உண்மையைப் பிடித்துவிடுகிறார். பொலிஸுக்குப் போகிறாரா? இல்லை. இது இரத்தத்தில் உள்ள ஒரு நோய், ஊசிமருந்தால் குணப்படுத்தலாம் என்று பார்னபஸிடமே பேரம் பேசுகிறார். ஆராய்ச்சி ஆசை மெல்ல மெல்ல, சொல்லப்படாத காதலாகிறது. மெகிக்கு நினைவு திரும்பும் கட்டம் வந்தபோது, பதக்கமொன்றைக் கண்முன் ஆட்டி அறிதுயிலில் ஆழ்த்தி, நடந்த அனைத்தையும் அவள் மனத்திலிருந்து ஜூலியா துடைத்துவிடுகிறார். உண்மையை நெருங்கிய டொக்டர் வூடார்ட்டை ஜூலியாவும் பார்னபஸும் சேர்ந்து மருந்தூசியால் கொன்று, மாரடைப்பு என்று காட்டுகிறார்கள்.

இதற்குப் பிறகு கதையில் மெகி சிரித்த முகத்துடன் நடமாடுகிறாள். பார்னபஸைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள். நல்ல மனிதர் என்கிறாள். பார்வையாளரும் அப்படித்தான் எண்ணத் தொடங்கினர். நாயகனாகிவிட்டவரைக் குற்றவாளியாக வைத்திருக்க முடியாதல்லவா? அவரை மன்னிக்க வேண்டுமானால் அவர் செய்ததை அறிந்த ஒரே சாட்சி மறந்தாக வேண்டும். தொடரை எழுதியவர்கள் இதனைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. நாளொன்றுக்கு ஓர் அங்கம் எழுதுபவனுக்குத் திட்டமிட ஏது நேரம்? ஆனால் ஜூலியாவின் பதக்கம் மெகிக்கு மட்டும் ஆட்டப்படவில்லை, திரைக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆட்டப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்த நானும், ஒரு கட்டத்தில் பார்னபஸ் பிடிபடக்கூடாதே என்று பதறியதை உணர்ந்து வெட்கப்பட்டேன்.

*

1967 நவம்பரில் ஒரு ஆவியழைப்பு நிகழ்கிறது. விளக்கு அணைந்து எரியும்போது விக்டோரியா 1795 ஆம் ஆண்டில் நிற்கிறாள். ஏறக்குறைய நான்கு மாதங்கள் தொடர் அங்கேயே தங்கிவிடுகிறது. இதே நடிகர்கள் தத்தம் மூதாதையராக வருகிறார்கள். எலிசபெத்தாக நடித்த பெனற் இப்போது பார்னபஸின் தாய் நயோமி. சகோதரர் ரொஜராக வந்த லூயி எட்மன்ட்ஸ் தந்தை ஜோஷுவா. செலவைச் சுருக்கச் செய்த ஏற்பாடாயினும் பொருள் ஆழமானது. குடும்பம் மாறவில்லை, உடை மட்டுமே மாறியிருக்கிறது.

இங்கேதான் சாபத்தின் வரலாறு தெரியவருகிறது. மார்ட்டினிக் தீவின் செல்வந்தர் மகள் ஜொசெற்றைப் பார்னபஸ் மணக்க இருக்கிறார். ஆனால் அதற்கு முன் அத்தீவிலேயே, அவளுடைய பணிப்பெண் ஆஞ்சலிக்கிடம் உறவு வைத்திருந்தவர். ஆண்டவன் வீட்டுப் பெண் கிடைத்ததும் பணிப்பெண்ணை உதறுகிறார். லாரா பார்க்கர் நடித்த ஆஞ்சலிக் சூனியக்காரி. அவள் செய்வினையால் ஜொசெற் பார்னபஸின் சிற்றப்பாவோடு ஓடுகிறாள். துவந்த யுத்தத்தில் சிற்றப்பா சாகிறார். ஆஞ்சலிக்கையே பார்னபஸ் மணக்க நேர்கிறது. உண்மை தெரிந்து அவளைச் சுடுகிறார். சாகும் தறுவாயில் அவள் இட்ட சாபமே அவரைக் காட்டேரியாக்குகிறது. ஜொசெற் குன்றிலிருந்து கடலில் குதிக்கிறாள். தங்கை சேரா இறக்கிறாள். தாய் நஞ்சருந்துகிறார்.

1795 இல் மார்ட்டினிக் பிரித்தானியரின் கையில் இருந்தது. முந்திய ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்துச் சட்டமியற்றியபோதும், அத்தீவு ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் சட்டம் அங்கு எட்டவில்லை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பு நீடித்தது. தொடரில் இதைப் பற்றி ஏறத்தாழப் பேச்சேயில்லை. மார்ட்டினிக் என்றால் சூனியமும் வெய்யிலும் மட்டுமே. மாளிகையின் எல்லா அறைகளையும் திறந்து காட்டும் இக்கதை, மணமகளின் சீதனம் எங்கிருந்து வந்தது என்ற அறையை மட்டும் திறக்கவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

இனி என் மருமகன் சொன்ன இடத்துக்கு வருகிறேன். மகன் பிணந்தின்னும் நிலைக்கு வந்துவிட்டான் என்று தந்தை ஜோஷுவா அறிகிறார். தன்னைக் கொன்றுவிடும்படி மகனே மன்றாடுகிறான். பெருமையும் பிடிவாதமும் கொண்ட அந்தத் தந்தையால் மகனின் மார்பில் கைவைக்க முடியவில்லை. பெட்டியில் சங்கிலியிட்டு, மறைவறையில் வைத்துப் பூட்டி, பார்னபஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று ஊருக்கு அறிவிக்கிறார். குடும்ப வரலாற்றிலும் அப்படியே பதிவாகிறது. நூற்றெழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாசலில் வந்து நின்ற மனிதர் சொன்ன பொய்யை நினைத்துப் பாருங்கள்: இங்கிலாந்திலிருந்து வருகிறேன். தந்தை உருவாக்கிய பொய்தான் மகனுக்குக் கடவுச்சீட்டு. வீட்டார் அதனை உடனே நம்பினார்கள். ஏனெனில் அவர்களது குடும்ப நூலில் அது எழுதப்பட்டிருந்தது. விக்டோரியா அந்நூலோடுதான் 1795 க்குப் போகிறாள். நடக்கப்போவதை முன்னதாக அறிந்திருப்பதால் அவளையே சூனியக்காரி என்று பிடித்து விசாரிக்கிறார்கள். அந்நூல் அவளுக்கெதிரான சான்றாகிறது. உண்மையான சூனியக்காரி விசாரணைக்கு வெளியே சுகமாக இருக்கிறாள். 1692 இல் சேலத்தில் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட மண்ணின் நினைவு இப்பகுதியில் இருக்கிறது. ஆனால் 1795 இல் நியூ இங்கிலாந்தில் எவரையும் சூனியத்துக்காகத் தூக்கிலிடும் நிலை இருக்கவில்லை. கதாசிரியர்கள் நூறாண்டுகளைத் தாராளமாகக் கலந்துவிட்டார்கள்.

இதைவிடக் கொடிய உண்மையொன்று அருகிலேயே கிடந்தது. கொலின்வூட்டின் வெளித்தோற்றமாகக் காட்டப்பட்டது றோட் ஐலன்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டிலுள்ள ‘சீவியூ டெரஸ்’ என்ற மாளிகை. அதே சிறிய மாநிலத்தில் எக்ஸெற்றர் என்றொரு கிராமம் உண்டு. அங்கே ஜோர்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவி 1883 இல் காசநோயால் இறந்தார். அடுத்து மூத்த மகள். 1892 ஜனவரியில் பத்தொன்பது வயது மகள் மேர்சியும் போனாள். மகன் எட்வினும் அதே நோயில் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவர்தான் உயிருள்ளவரை உறிஞ்சுகிறார் என்று அயலவர் வற்புறுத்தினர். தந்தைக்கு அதில் நம்பிக்கையில்லை, ஆயினும் சம்மதித்தார். மார்ச் 17 இல் பெட்டிகளைத் திறந்தார்கள். தாயும் மூத்தவளும் எலும்பாகியிருந்தனர். பனிக்காலத்தில் இரண்டு மாதமே ஆகியிருந்த மேர்சியின் உடல் கெடவில்லை. இதயத்தில் இரத்தம் இருந்தது. இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதத்தில் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொஹ் கண்டறிந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உடலைப் பரிசோதித்த வைத்தியரும் இது காசநோயே என்று சொல்லித்தான் இருந்தார். பத்திரிகைகள் இச்செய்தியை எழுதின. ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கிடையேயும் அத்தகைய ஒரு பத்திரிகை நறுக்குக் கிடைத்தது.

காட்டேரி முதலில் தன் சொந்த வீட்டாரைத்தான் கொல்லும் என்ற நம்பிக்கை ஏன் வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. ஒரே அறையில் உறங்கி ஒரே காற்றைச் சுவாசித்தவர்களைத்தான் அந்நோய் அடுத்தடுத்துப் பிடித்தது. பார்னபஸின் நிழலில் தங்கையும் தாயும் விழும்போது, மேர்சியின் வீடு என் கண்முன் வந்தது. தொடரை எழுதியவர்கள் அவளை நினைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை.

*

பிந்திய ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓநாய் மனிதனான குவென்டின் கொலின்ஸாக டேவிட் செல்பி வந்து, 1969 இல் 1897 ஆம் ஆண்டுக் கதையைக் கொடிகட்டிப் பறக்கவிட்டார். ரொபேர்ட் கோபேர்ட் அவனுக்கமைத்த வால்ஸ் இசை அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 13 ஆம் இடம்வரை ஏறியது. ‘டோரியன் கிரே’, ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’, லவ்கிராஃப்ட் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கதைக்குள் இழுத்தார்கள். 1970 இல் கேர்ட்டிஸ் எடுத்த திரைப்படத்தில் இரத்தம் ஆறாக ஓடியது. அதில் பார்னபஸ் மீண்டும் வெறும் கொலைகாரர். நேர்மையான படம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் பிள்ளைகளின் பெற்றோர் மிரண்டார்கள். அடுத்த ஆண்டு தொடர் நின்றது. அந்நேரத்தில் ஒரு சொல் விளையாட்டு நிகழ்ச்சி வந்தமர்ந்தது. தொலைந்துபோன காதலியைத் தேடும் காட்டேரியை 1974 இல் தன் ‘டிரகுலா’வுக்குள் கேர்ட்டிஸே கொண்டுபோனார். பின்வந்த எத்தனையோ படங்களில் அவன் தேடிக்கொண்டேயிருக்கிறான். ஃப்ரிட் 2012 ஏப்ரலில் காலமானார். அவர் ஒரு கணம் தலைகாட்டிய டிம் பேர்ட்டனின் திரைப்படம் மறுமாதம் வெளியானது.

நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கமாயிருந்த அக்காலத்தில் இத்தொடர் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது அதிசயம். 1,219 ஆம் இலக்க அங்கம் ஒன்றுமட்டுமே தொலைந்தது. அதன் ஒலிப்பதிவு கிடைத்ததால் நிற்கும் படங்களைச் சேர்த்து நிரப்பியிருக்கிறார்கள். இலக்கங்கள் 1,245 வரை போகின்றன. அங்கங்களோ 1,225 தான். செய்திக்காகவும் விடுமுறைக்காகவும் ஒளிபரப்பு நின்ற நாட்களுக்குரிய இலக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இறுதி மாதங்களில் கதை வேறொரு காலத்தில், வேறொரு கொலின்ஸ் குடும்பத்தாரிடையே நிகழ்கிறது. பார்னபஸாக நடித்தவரும் அங்கே வேறொருவர். 1971 ஏப்ரல் 2 இல், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு குரல் வாசித்து முடிக்கிறது. முதல் நாள் புகையிரதத்தில் வந்திறங்கிய விக்டோரியாவின் பெற்றோர் யாரென்று யாரும் சொல்லவில்லை. அவள் 1968 லேயே கதையைவிட்டுப் போயிருந்தாள். 1970 இல் வேறொரு காட்டேரியிடம் அகப்பட்ட மெகியை மீண்டும் விண்ட்கிளிஃபுக்கு அனுப்பியிருந்தார்கள். நிலவறையில் அவளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல யாரும் அங்கே திரும்பிப் போகவில்லை.